படகில் இடம் இருந்தது

என் தொழில் மூக்குக் கண்ணாடி. பதினாறு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். காலையிலிருந்து இரவு வரை அடுத்தவர் கண்ணைச் சோதிப்பதுதான் வேலை. என் கண்ணையும் அவ்வப்போது சோதித்துக்கொள்வேன். ஒரு குறையும் கிடையாது. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், விஷயத்தைக் கேட்ட இரண்டு மூன்று நண்பர்கள், மூடுபனியில் எதையோ பார்த்துவிட்டு எதையோ நினைத்துக்கொண்டாய் என்றார்கள். அந்தப் பேச்சே வேண்டாம். நான் பார்த்தேன். என் மனைவி பார்த்தாள். எங்கள் மகள் பார்த்தாள். மூன்று பேரும் பார்த்தது ஒரே பெண்ணை. ஒரே குழந்தையை.

நண்பர்களிடம்கூட நான் பாதியைத்தான் சொன்னேன். பேயைப் பார்த்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. பார்த்துவிட்டு என்ன செய்தேன் என்பதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன்.

போன கோடை. சனி, ஞாயிறு, இரண்டு நாள் மலை ஏரிக்குப் போய்ப் படகு விட்டுவிட்டு வரலாம் என்று ஏற்பாடு செய்தது என் மச்சான். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். லாரி ஓட்டுகிறார். ஆளும் கிட்டத்தட்ட லாரிதான். அவரும், அவர் மனைவியும், நாங்கள் மூன்று பேரும். மச்சானின் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். எங்கள் மகளுக்கு ஏழு வயது. வீட்டில் அவளை வாண்டு என்றுதான் சொல்வோம். பெயருக்குத் தகுந்த ஆள்.

அங்கே ஏரி இரண்டு. கீழ் ஏரி பெரியது. வார இறுதி என்றால் சந்தைக்கடை மாதிரி இருக்கும். ஒலிபெருக்கி, ஐஸ்கிரீம் வண்டி, ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் அடித்து விளையாடும் குடும்பங்கள். சனிக்கிழமை முழுக்க அங்கேதான் கிடந்தோம். வெயிலில் எல்லோருக்கும் மூக்கு சிவந்துவிட்டது. வாண்டு மிதிபடகை நேராக இன்னொரு படகின்மேல் கொண்டுபோய் மோதினாள். அக்கா படகில் ஏறிய கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தார். லாரியில் நாடு முழுக்கச் சுற்றியவள் ஒரு ஏரியில் கவிழ்ந்துவிட்டாளே என்று மச்சான் அன்று முழுக்கக் கிண்டல் செய்தார்.

என்னையும் விடவில்லை. நான் கொஞ்சம் எச்சரிக்கை ஆசாமி. லைஃப் ஜாக்கெட் வார் சரியாக மாட்டியிருக்கிறதா, யாராவது எழுந்து நிற்கிறார்களா, ஒரு பக்கமாக எல்லோரும் சாய்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். மச்சான் எனக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்துவிட்டார். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். குடும்பத்தைக் காப்பாற்றத் தெரிந்தவன் நான் என்று ஒரு நினைப்பு.

ஞாயிறு மத்தியானம் மேல் ஏரிக்குப் போனோம்.

மண்சாலையில் கார் கொஞ்ச நேரம் ஏற வேண்டும். மேலே கூட்டமே இல்லை. சுற்றிலும் பைன் மரங்கள். தண்ணீர் கறுப்பாக, அசையாமல் கிடந்தது. கரையில் ஒரு மரத்துறை, அதில் நாலைந்து துடுப்புப் படகுகள். துறையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. முன்பக்கம் பெஞ்சு போட்ட டீக்கடை, பின்பக்கம் சமையலறை. உள்ளே யாரோ கோப்பை கழுவும் சத்தம் கேட்டது.

படகுக்காரருக்கு அறுபது வயதிருக்கும். ஒல்லி. அதிகம் பேசவில்லை. வாண்டுவின் ஜாக்கெட்டை நான் மாட்டிய பிறகும், அவரே குனிந்து ஒவ்வொரு வாரையும் இழுத்துப் பார்த்தார். அந்த மனிதரை எனக்குப் பிடித்துவிட்டது. என்னைப் போல ஒருத்தர் என்று நினைத்தேன்.

படகை அவிழ்க்கும்போதுதான் சொன்னார்.

"இந்த ஏரியில திடீர்னு பனி இறங்கும். இறங்கினா துடுப்பை உள்ள வச்சிட்டு சும்மா உட்காருங்க. தானா விலகிடும். யாராவது கூப்பிட்டா பதில் சொல்லுங்க."

இரண்டு படகு போகிறதே, ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொள்வதைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அக்கா வரவில்லை. முதல் நாள் பட்டது போதும் என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மச்சான் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஒரு படகில் தனியாக ஏறினார். இன்னொன்றில் நாங்கள் மூன்று பேர். நான் நடுப்பலகையில் உட்கார்ந்து துடுப்புப் போட்டேன். எனக்கு எதிரே பின்பலகையில் மனைவியும் வாண்டுவும். என் முதுகுக்குப் பின்னால் முன்பலகை காலி. எங்கள் துணிப்பையும் துண்டுகளும் மட்டும் அதில் இருந்தன.

நான்கு பேர் தாராளமாக உட்காரலாம் என்று படகுக்காரர் சொல்லியிருந்தார்.

முதல் ஒரு மணி நேரம் சொர்க்கம். உண்மையாகவே. மனைவி தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு வந்தாள். கடையும் கணக்கும் இல்லாமல் நாங்கள் பேசிக்கொண்டு எவ்வளவு நாளாயிற்று என்று தோன்றியது. வாண்டு மேகத்தைப் பார்த்து யானை, முதலை என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தாள். மச்சான் தூரத்தில் தூண்டிலைப் போட்டுவிட்டுத் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கினார்.

மணி நாலு இருபது. கடிகாரத்தைப் பார்த்து, திரும்பலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். வாண்டு கேட்டாள், மரமெல்லாம் எங்கேப்பா என்று.

நிமிர்ந்தேன். கரை இல்லை.

பனி மேலிருந்து இறங்கவில்லை. தண்ணீரிலிருந்து எழுந்தது. அடுப்பில் வைத்த பால் பொங்குவது போல எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே சமயத்தில் வந்தது. மச்சானின் படகு இருந்த இடத்தில் ஒரு நிழல் தெரிந்தது. அதுவும் போயிற்று.

பயமில்லை. அப்போது பயமில்லை. படகுக்காரர் சொன்னது ஞாபகம் இருந்தது. மச்சானைக் கூப்பிட்டேன். இங்கதான் இருக்கேன், அசையாம உட்காருங்க மாப்பிள்ளை என்று இடது பக்கத்திலிருந்து பதில் வந்தது. சரி என்று துடுப்பை உள்ளே எடுத்தேன்.

துடுப்பு படகுக்குள் வந்துவிட்டது. என் முழங்காலின்மேல் கிடந்தது.

அதற்குப் பிறகு... சளக் என்று தண்ணீரில் துடுப்புப் போடும் சத்தம் கேட்டது.

எதிரொலி என்று சொல்லிக்கொண்டேன்.

மனைவியைப் பார்த்தேன். அவளும் கேட்டிருக்கிறாள். வாண்டுவைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

மறுபடியும் மச்சானைக் கூப்பிட்டேன். இந்த முறை பதில் இல்லை. சும்மா மௌனம் இல்லை அது. காதில் பஞ்சை அடைத்தது போல. படகின் அடியில் தண்ணீர் தட்டும் சத்தம்கூட நின்றுவிட்டது. என் மூச்சு மட்டும் எனக்குக் கேட்டது.

பிறகு ஒரு இருமல்.

சின்ன இருமல். கைக்குழந்தை பால் புரையேறி இருமுமே... அப்படி.

"யாரோ வர்றாங்கப்பா," என்றாள் வாண்டு.

வலது பக்கம். பனிக்குள் தலை ஒன்று தெரிந்தது. நெருங்கி வந்தது. நீந்தவில்லை. கை வீசவில்லை. கழுத்தளவு தண்ணீரில் ஒருவர் நடந்து வந்தால் எப்படி இருக்கும், அப்படி வந்தது. அந்த இடத்தில் ஆழம் நாலு ஆள் மட்டம் என்று படகுக்காரர் சொல்லியிருந்தார்.

ஒரு பெண். முப்பது வயதிருக்கும். நீலச் சட்டை. லைஃப் ஜாக்கெட் இல்லை. தலைமுடி காய்ந்திருந்தது.

இடது கையில் ஒரு குழந்தையைத் தண்ணீருக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தாள். ஒன்றரை வயதுப் பையன். மஞ்சள் ஸ்வெட்டர். அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்டும் சத்தம் இல்லை.

அவள் வலது கை எங்கள் படகின் விளிம்பைப் பிடித்தது.

ஒருவர் அப்படித் தொங்கினால் படகு அந்தப் பக்கம் சாய வேண்டும். சாயவில்லை. ஒரு நூல்கூட அசையவில்லை. இதை நான் அப்போதே கவனித்தேன். பிறகு யோசித்துச் சேர்த்துக்கொண்டது இல்லை. அப்போதே தெரியும் எனக்கு.

அவள் என்னைப் பார்த்துப் பேசினாள். பஸ்ஸில் பக்கத்து இருக்கையைக் கேட்பது போலத்தான் கேட்டாள். அலறவில்லை. அழவில்லை.

"இவனை மட்டும் வாங்கிக்கோங்க. நான் இப்படியே பிடிச்சுக்கிட்டு வந்துடுறேன்."

என் மனைவி இரண்டு கையையும் நீட்டிவிட்டாள்.

நான் அவளை உட்காரச் சொன்னேன். சொன்னேன் என்று எழுதுகிறேன். கத்தினேன்.

"என்னங்க..." என்றாள் மனைவி.

"இடமில்லை," என்றேன் அந்தப் பெண்ணிடம். "படகு கவுந்துடும். இடமில்லை. கையை எடுங்க."

அவள் எடுக்கவில்லை. என் தோளுக்குமேல் எட்டி, எனக்குப் பின்னால் இருந்த காலிப் பலகையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

பையனும் பார்த்தான். இமைக்காமல்.

நான் குனிந்து அவள் கையைப் பிடித்தேன். ஐஸ் போல இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. வெதுவெதுப்பாக இருந்தது. உயிருள்ள கை.

சுண்டுவிரலில் தொடங்கினேன். ஒவ்வொரு விரலாகப் பிரித்து விட்டேன். அவள் நன்றாகப் பிடித்திருந்தாள். பலமாகப் பின்னால் வளைக்க வேண்டியிருந்தது.

"இடமில்லை... இடமில்லை..."

கடைசி விரலும் விட்டது.

"சரிங்க," என்றாள்.

அவ்வளவுதான். கோபம் இல்லை. அப்படியே பின்னால் நகர்ந்தாள். நீலச் சட்டை மறைந்தது. முகம் மறைந்தது. மஞ்சள் மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. அதுவும் போயிற்று.

பிறகு பனிக்குள் ஒரே ஒரு சத்தம். கூழாங்கல் தண்ணீரில் விழுந்தது போல.

ப்ளக்.

உடனே பனி விலகியது. யாரோ திரையை இழுத்தது போல. வெயில். மரங்கள். எங்களிடமிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை, மச்சான் தன் படகில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார்கிட்ட மாப்பிள்ளை இடமில்லை இடமில்லைன்னு கத்தினீங்க?"

யாருமில்லை என்று சொல்ல வந்தேன். மனைவி முந்திக்கொண்டாள். ஒரு பெண் குழந்தையோடு தண்ணீரில் இருக்கிறாள் என்றாள். எந்தப் பக்கம் என்று மட்டும்தான் மச்சான் கேட்டார். தொப்பியைக் கழற்றினார். சட்டை, பேன்ட், பாக்கெட்டில் இருந்த போன், எல்லாவற்றோடும் குதித்துவிட்டார். மலை ஏரித் தண்ணீர். கோடையிலும் எலும்பைக் கடிக்கும். அவர் மூழ்கினார், எழுந்தார், மறுபடி மூழ்கினார். உதடு நீலமாகும்வரை தேடினார். நான் படகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கையில் அந்த விரல்களின் சூடு இன்னும் இருந்தது. பேன்ட்டில் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

ஒன்றும் கிடைக்கவில்லை.

கரைக்கு வந்தோம். படகுக்காரர் துறையில் நின்றுகொண்டிருந்தார். மச்சான் பல் கிட்டிப் பேச முடியாமல் நின்றார். நான்தான் சொன்னேன். பனியில் ஏதோ சத்தம் கேட்டது, ஒரு பெண்ணின் குரல் மாதிரி இருந்தது, சரியாகத் தெரியவில்லை என்றேன். மனைவி திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். 

வாண்டு சொன்னாள். "தெரிஞ்சுதுப்பா. மஞ்ச ஸ்வெட்டர் பாப்பா கூட இருந்துச்சே."

படகுக்காரர் பதறவில்லை. மச்சானின் தோளில் ஒரு கம்பளியைப் போட்டார். எங்களைப் பெஞ்சில் உட்கார வைத்தார். யாரும் சாகவில்லை, பயப்பட வேண்டாம் என்றார். இருபது வருடமாகக் கோடைக்கு ஒரு முறையாவது யாராவது வந்து இதைச் சொல்கிறார்களாம். அதே நீலச் சட்டை. அதே மஞ்சள் ஸ்வெட்டர்.

அது செத்துப்போன பெண்ணா என்று மச்சான் கேட்டார்.

"சாகலை," என்றார் படகுக்காரர். "அவ என் பொண்டாட்டி. உள்ள டீ போட்டுக்கிட்டு இருக்கா."

உள்ளே கோப்பைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே மீதியைச் சொன்னார். இருபது வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு பனியில், அவள் பையனோடு வந்த படகு தண்ணீருக்குள் கிடந்த மரத்தில் மோதிக் கவிழ்ந்தது. ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் பையனைத் தூக்கிப் பிடித்தபடி, யாராவது இவனை வாங்கிக்கொள்ளுங்கள் என்று பனிக்குள் கூப்பிட்டிருக்கிறாள். அங்கே யாருமில்லை. பனி விலகி இவர் படகில் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு நினைவில்லை. கையில் பையன் இல்லை. கடைசிவரை கிடைக்கவும் இல்லை.

பார்க்கிறவர்கள் என்ன செய்வார்கள் என்று என் மனைவி கேட்டாள். கேள்வி அவரிடம். கண் என்மேல்.

வாங்கிக்கொள்வார்கள் என்றார். கரைக்கு வந்து பார்த்தால் குழந்தை இருக்காது. மடி மட்டும் நனைந்திருக்கும். பயந்துபோய் ஓடி வருவார்கள். "ஆனா அன்னைக்கு ராத்திரி மட்டும் இவ நல்லாத் தூங்குவா," என்றார்.

மச்சான் மெதுவாகக் கேட்டார். வாங்க மாட்டேன் என்று சொன்னவர்கள் உண்டா?

"இதுவரைக்கும் இல்லை."

அப்போதுதான் அவள் டீத் தட்டோடு வெளியே வந்தாள். பின்னாலேயே அக்கா. அக்காவின் முகம் வெளுத்திருந்தது.

ஐம்பது வயது. நரைத்த முடி. வலது கையில் ஒரு துணியைச் சுற்றியிருந்தாள். ஆனால் அதே முகம். அதே கண். தண்ணீரிலிருந்து என்னைப் பார்த்த அதே கண். அவள் தட்டைப் பெஞ்சில் வைத்தாள். எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். என்னிடம் வந்து நின்றாள்.

"வாங்கிக்கிட்டீங்களா?"

என் மகள் வாயைத் திறந்தாள். மனைவி சட்டென்று அவள் வாயைப் பொத்தினாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்லியிருக்கலாம். பயந்துவிட்டேன் அம்மா என்று காலில் விழுந்திருக்கலாம். நான் சொன்னது இது.

"வாங்கிக்கிட்டேன்மா."

எங்கே வைத்துக்கொண்டீர்கள் என்று கேட்டாள். மடியில் என்றேன். குளிரில் நடுங்கியிருப்பானே என்றாள். துண்டு போர்த்திவிட்டேன் என்றேன். அழுதானா என்றாள். இல்லை, சமத்தாக இருந்தான் என்றேன். அவள் கேட்கக் கேட்க நான் சொல்லிக்கொண்டே போனேன். ஒவ்வொன்றும் தடங்கலில்லாமல் வந்தது. கடையில் ஃபிரேம் விற்கும்போது வருமே, அந்தக் குரல். என் குரலை நானே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் குனிந்து என் மடியில் கையை வைத்தாள். தடவிப் பார்த்தாள்.

என் பேன்ட் காய்ந்திருந்தது.

"சரிங்க," என்றாள்.

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். டீயை யாரும் தொடவில்லை.

ஊர் திரும்பும் வழியெல்லாம் மச்சான் என்னை மாப்பிள்ளை என்று கூப்பிடாமலே காரை ஓட்டினார். அக்கா ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். மலைப்பாதை, தலைசுற்றல் என்று நினைத்தோம். வீட்டுக்கு வந்து வாண்டு தூங்கிய பிறகு, அவள் வாயைப் பொத்தியதற்காக மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்ல நினைத்தேன். நன்றி என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. அவள் முந்திக்கொண்டாள்.

"உங்களுக்காகப் பொத்தலை. அந்தம்மாவுக்காகப் பொத்தினேன்."

அதற்குமேல் இன்றுவரை அவள் இதைப் பற்றிச் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. கடைக்கு வயதானவர்கள் வந்து கண்ணாடி மாற்றும்போது, முன்போல அவர்கள் கண்ணை நேராகப் பார்த்துப் பேச எனக்கு வரவில்லை. வாண்டு இப்போதெல்லாம் ரோட்டைக் கடக்க என் கையைப் பிடிப்பதில்லை. அம்மாவின் பக்கம் போய்விடுகிறாள். வளர்ந்துவிட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

என்றாலும் ஒரு சமாதானம் இருந்தது. உயிருள்ள பெண் யாரையும் நான் தள்ளிவிடவில்லை. அது வெறும் தோற்றம். தோற்றத்துக்கு வலிக்காது. இதைப் பிடித்துக்கொண்டுதான் மூன்று மாதம் ஓட்டினேன்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒருநாள் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். மனசில் வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை, சொல்லிவிட்டுப் போகிறேன் என்றார்.

அன்று பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், உள்ளே போய் அந்தப் பெண்மணியோடு கோப்பை கழுவிக்கொண்டிருந்தாராம். இரண்டு பேரும் ஏதோ சமையல் பேச்சு. ஜன்னலில் பனி தெரிந்தது. அடுப்புக்கு மேலே கடிகாரம். நாலு இருபது தாண்டியிருக்கும். பேசிக்கொண்டிருந்தவள் நடுவில் நிறுத்தினாள். கோப்பையைக் கீழே வைத்தாள். சுவரைப் பார்த்து நின்றாள். இடது கை எதையோ தூக்கிப் பிடித்திருப்பது போல உயர்ந்தது. வலது கை, காற்றில் எதையோ இறுக்கிப் பிடித்தது.

வலிப்பு வருகிறது என்று அக்கா நினைத்தாராம். தாங்கிப் பிடிக்கப் பக்கத்தில் போனாராம்.

"அப்ப அந்தக் கை விரல்... சுண்டுவிரல் முதல்ல. தானா பின்னாடி வளைஞ்சுது. அப்புறம் அடுத்தது. அப்புறம் அடுத்தது. யாருமே தொடலை. எலும்பு சத்தம் எனக்குக் கேட்டுச்சு."

என் மனைவி என் பக்கம் திரும்பவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எல்லா விரலும் விட்ட பிறகு, அவள் சுவரைப் பார்த்து ஏதோ ஒரு வார்த்தை சொன்னாளாம். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாளாம். பிறகு சாதாரணமாகத் திரும்பி, வீங்கிய கையில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு, டீ போட்டாளாம். அந்தத் துணியை நானும் பார்த்தேன். சூடு பட்டிருக்கும் என்று நினைத்தேன்.

அக்கா பயந்துபோய், வெளியே சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம் என்றாளாம் அவள்.

"பாவம், அவங்க பயந்து போயிருப்பாங்க. எதுவும் சொல்லிடாதீங்கம்மா."

ஆக, என்னிடம் வந்து கேட்டபோது அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்டாள். தெரிந்துகொண்டுதான் துண்டு போர்த்தியதையும் சமத்தாக இருந்ததையும் கடைசிவரை கேட்டுக்கொண்டு நின்றாள்.

அன்று இரவு நான் தூங்கவில்லை. மறுநாள் காலை, கடையைத் திறந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மச்சானிடம் போன் நம்பர் வாங்கி அந்தப் படகுக்காரருக்குப் போன் செய்தேன். நான் யார் என்று சொன்னேன். தெரியும் என்றார். நான் அன்று பொய் சொன்னேன் என்றேன். அதுவும் தெரியும் என்றார். அம்மாவின் கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இரண்டு விரல் இன்னும் மடங்கவில்லை என்றார்.

நேரில் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றேன். அந்தப் பக்கம் படகை இழுத்துக் கட்டும் சத்தம் கேட்டது.

என்ன பேசுவது என்று தெரியாமல், அங்கே பனி இறங்குகிறதா என்று கேட்டேன்.

தினமும் இறங்குகிறது என்றார். அன்றைக்கு அப்புறம் எத்தனையோ படகு பனிக்குள் போய்த் திரும்பிவிட்டது, யாரும் யாரையும் பார்க்கவில்லை என்றார்.

எனக்கு ஒரு நிமிடம் நெஞ்சில் பாரம் இறங்கியது போல இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். அப்படியானால் எல்லாம் முடிந்துவிட்டதா, அம்மா இப்போது நிம்மதியாக இருக்கிறார்களா என்று கேட்டேன்.



"அவளையே கேட்டேன்," என்றார். "இத்தனை வருஷமா பையனைக் கையிலயேதான் வச்சிருந்தாளாம். நீங்க வந்த அன்னைக்கு நழுவிட்டான்னு சொல்றா."